ஒன்பது-பத்து சைஸ்

மகள் மஹ்னூரைத் துணி பண்டலின் மேல் உட்காரவைத்து ஸ்கூட்டர் ஓட்டியவன் பாரூக்தான். “கெட்டியாப் புடிச்சுக்க கண்ணு” என்று சொன்னதும் உண்மை; எதைப் பிடிப்பது என்று சொல்லாததும் உண்மை. வேகத்தடையில் வண்டி துள்ளியது. பண்டல் ஒரு பக்கம், ஏழு வயதுப் பிள்ளை ஒரு பக்கம். தலையில் அடி. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுச் சிரித்தபடி வீடு திரும்பினாள். தப்பித்தோம் என்று நினைத்தான்.

பனியன் கம்பெனியில் பாரூக்குக்குச் செக்கிங் வேலை. கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப் தொங்கும். கால் இஞ்ச் பிசகினாலும் பீஸைத் தூக்கி ஓரம் வைத்துவிடுவான். ரம்ஜானுக்கு ரம்ஜான் மகளின் வயதுக்கேற்ற எக்ஸ்போர்ட் பனியன் ஒன்று வாங்கிப்போவான். விழுந்து இரண்டு வருடம் கழித்து, இந்த ரம்ஜானுக்கு வாங்கிய ஒன்பது-பத்து வயது சைஸ் அவளுக்கு முழங்காலைத் தொட்டது.

நேராகக் கட்டிங் மாஸ்டர் சகாயராஜிடம் சண்டைக்குப் போனான். தூத்துக்குடிக்காரரான அவர் பனியனை மேசையில் விரித்து அளந்தார்.

“அளவு சரியாத்தாம்வே இருக்கு.”

“துணி இழுத்துக்கிச்சுங்க மாஸ்டர். துவைச்சாச் சுருங்குதான்னு பார்க்கலாமுங்க.”

மூன்று முறை துவைத்தார்கள். பனியன் சுருங்கவில்லை.

“ஊர்ல உள்ள துணியெல்லாம் அளக்கீரு. புள்ளைய அளந்தீராவே?”

அன்று மாலை அளந்தான். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த உயரத்தோடு ஒப்பிட்டால், இரண்டு வருடத்தில் ஒரு இஞ்ச்கூட முழுதாக வளரவில்லை. டேப்பின் மேல் சந்தேகப்பட்டுப் புது டேப் வாங்கினான். பழைய ஏழு-எட்டு சைஸைப் போட்டுவிட்டான், கச்சிதம்.

“அத்தா, எனக்கு இதே போதும்” என்றாள் மஹ்னூர். அது அவனை இன்னும் குழப்பியது.

“நம்ம குடும்பமே குட்டைதானுங்க” என்றாள் மனைவி ஜஹானாரா. அன்றைக்கு விழுந்ததாலா என்று கேட்டால், “தலையில அடிபட்டா கால் எப்புடீங்க வளராமப் போகும்?” என்றாள். மருந்துக்கடைக்காரரும் அதையே சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேகத்தடை வரும்போதெல்லாம் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

கடைசியில் குழந்தைகள் டாக்டர் நாகஜோதி ரத்தம் எடுத்தார், ஸ்கேன் பார்த்தார், மறுபடி ரத்தம் எடுத்தார்.

“நேராச் சொல்லிப்போடுங்க டாக்டர். நான் கீழ போட்டதாலதானுங்களா?”

நாகஜோதி பேனாவை மூடினார்.

“ஆமாங்க. மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்குதுங்க. வளர்ச்சிக்கான ஹார்மோன் அங்கிருந்துதான் வரும். விழுந்த அடியில அது பழுதாயிருக்குது. தினமும் ஊசி போடணும், ஒரு நாளும் விடக்கூடாது. போட்டா வளருவா. மூணு மாசத்துக்கு ஒருக்கா அளந்து எழுதிட்டு வாங்க; டேப்புதான் கழுத்துலயே தொங்குதே, அளக்கறது உங்களுக்கு நல்லா வருமே.”