மீனுக்குக் கண் வைத்த குளியலறை

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. அந்த மூலையில் இருப்பவரும் நகர்ந்து வாருங்கள். ஒரு மீனுக்குக் கண் கிடைத்த கதையைச் சொல்கிறேன். சிரிக்காமல் எழுந்து போனால் என்னைக் கேளுங்கள்.

ஒரு தையல்காரி இருந்தாள். போகிற இடமெல்லாம் தரையைத்தான் பார்ப்பாள். ரொட்டிக்கடை, வங்கி, யார் வீட்டு மாடிப்படியானாலும் சரி, நல்ல டைல்ஸ் கண்ணில் பட்டால் போனில் படம் பிடிப்பாள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அந்தப் படங்களை வெட்டி, திருப்பி, ஒட்டி, புதிதாக ஒன்றாக்குவாள். துணி வெட்டிய கையல்லவா, ஓரங்கள் பிசிறில்லாமல் சேரும்.

அப்படி அவள் செய்த பெரிய மீனைக் குழந்தைகள் மருத்துவமனைச் சுவருக்குக் கேட்டிருந்தார்கள். மறுநாள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். செதிலெல்லாம் ரொட்டிக்கடைத் தரை, வால் வங்கி வாசல். கண் மட்டும் அமையவில்லை. எந்த டைலை வைத்தாலும் மீன் செத்ததுபோல முழித்தது.

சரியான கண் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். நாத்தனார் வீட்டுக் குளியலறையில், குழாய்க்குக் கீழே, கரும்பச்சை வட்டம் போட்ட ஒரே ஒரு டைல். ஆனால் அங்கே பேச்சுவார்த்தை இல்லை. "சட்டை சுருங்கலம்மா, நீதான் விரிஞ்சுட்டே" என்று இவள் ஒருநாள் வாயை விட்டதோடு சரி.

"உங்க தங்கச்சிதானே, நீங்க போய் எடுத்துட்டு வாங்களேன்" என்று கணவனிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"உங்க ரெண்டு பேர் நடுவுல வர்றதுக்கு எனக்கென்ன பைத்தியமா?" என்று அவன் கழன்றுகொண்டான்.

வெட்கத்தை விட்டு அவளே போய்க் கதவைத் தட்டினாள்.

"அடடே, அண்ணி! காத்து இந்தப் பக்கம் அடிக்குதா?"

"உன் பாத்ரூமைக் கொஞ்சம்..." என்று இழுத்தாள்.

நாத்தனார் பதறிவிட்டாள். "ஐயோ, அவசரமா? சண்டையை அப்புறம் வச்சுக்கலாம், முதல்ல போங்க!" என்று தள்ளிக்கொண்டு போய் உள்ளே விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து முனகல்.

"என்ன அண்ணி, வயிறு சரியில்லையா?"

"இல்லடி, வெளிச்சம் சரியில்ல!"

கதவைத் திறந்து பார்த்தால், அண்ணி ஈரத்தரையில் குப்புறப் படுத்து டைலுக்குப் போனைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். விவரம் கேட்டதும் நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு டைலில் வெளிச்சம் கூசாதபடி ஒரு துண்டை விரித்து விளக்கை மறைத்து நின்றாள்.

"கையை இறக்காதே."

"வலிக்குது அண்ணி!"

"பேசாம நில்லு... அன்னிக்கு நான் சொன்னது தப்புதான்டி."

"அதை இப்படித் தரையில படுத்துக்கிட்டா சொல்லுவாங்க!" சிரித்த சிரிப்பில் துண்டு நழுவி அண்ணி தலையில் விழுந்தது. அந்த நேரம் பார்த்துப் போனும் படம் எடுத்துவிட்டது.

பெரிதாக்கிப் பார்த்தார்கள். டைலின் பளபளப்பில் குட்டியாக நாத்தனார், வாயெல்லாம் பல்லாக.

"இதைக் கம்ப்யூட்டர்ல அழிச்சுடலாம், ஒரு நிமிஷ வேலை."

"அழிச்சீங்கன்னா இந்த வாசப்படி மிதிக்காதீங்க!"

அழிக்கவில்லை. அந்தக் கண்ணை வைத்ததும் மீனுக்கு உயிர் வந்துவிட்டது. ஊசிக்கு அழுதுகொண்டு வருகிற பிள்ளைகள் அதன் முன்னால் நின்றுவிடுகிறார்கள். நாத்தனாரும் அடிக்கடி அங்கே போய், "உள்ள யாருன்னு நல்லாப் பாரு" என்று அவர்களிடம் தன் முகத்தையும் நீட்டிக் காட்டிவிட்டு வருகிறாள். போகும்போது துணைக்கு அண்ணி.

உங்கள் வீட்டிலும் கோபித்துப் போனவர்கள் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு கதவைத் தட்டட்டும், கண்ணுகளா. திறக்கிற கை உங்களுடையதாக இருக்கட்டும். வீடு நிறையச் சிரிப்போடு நன்றாயிருங்கள்.