மூன்றாம் எண் உறுப்பினர்

"நீ வித்துக்கோ, வேண்டாம்னு சொல்லல," என்றார் மிஞ்சோ. "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. என் பையன் என்ன ஆவான்?"

ராலிட்சா கையிலிருந்த பனித்சாவை, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அந்தப் பலகாரத்தை, கடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். மே மாதம். பிளொவ்டிவ் நகரத்தின் த்ராகியா குடியிருப்பில், அடுக்குமாடி ஒன்றின் அடித்தளத்தில் இருக்கிறது மிஞ்சோவின் ஜிம். கண்ணாடி கிடையாது, பாட்டு கிடையாது, இரும்பு மட்டும்தான். அவர் ஒரு காலத்தில் நாட்டுக்காகப் பளு தூக்கியவர். இப்போது இரண்டு முழங்காலும் போய், முக்காலியில் உட்கார்ந்தபடியே தூக்குகிறவர்களைத் திட்டிக்கொண்டிருப்பவர்.

"அவன் எங்கயும் போக மாட்டான், மாமா. அப்படியே இருப்பான்."

"வாங்கறவன் வெளிநாட்டுக்காரனாமே."

"எவனா இருந்தா என்ன? மூணாம் நம்பரத் தொடக்கூடாதுன்னு புரோகிராம்லயே எழுதி வச்சிருக்கேன்."

"அப்ப சரி. சாப்புடு, ஆறிப்போகுது."

அவ்வளவுதான் பேச்சு. எட்டு வருடம் முன்பு அவளுடைய மென்பொருளை நம்பி முதலில் வாங்கியவர் அவர். அதை விற்க அவர் கேட்ட ஒரே உறுதிமொழி அது.

எட்டு வருடம் முன்பு ராலிட்சாவுக்கு முதுகுவலி. டாக்டர் ஜிம்முக்குப் போகச் சொன்னார். போன இடத்தில் மிஞ்சோ ஒரு பிஸ்கட் டப்பாவில் உறுப்பினர் அட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தார். அவளுக்கோ பகலெல்லாம் ஒரு வங்கிக்கு நிரல் எழுதும் வேலை, சனி ஞாயிறு கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத குணம். யார் வந்தார்கள், யாருடைய மாதம் முடிந்தது, யாருக்குக் கதவு திறக்க வேண்டும் என்று ஒரு சின்ன மென்பொருள் எழுதிக் கொடுத்தாள். முதல் எண் மிஞ்சோ, இரண்டாவது அவர் மனைவி தோத்கா, மூன்றாவது மகன் ஸ்வெத்லின்.

ஸ்வெத்லின் பதிமூன்று வயதிலிருந்து தூக்கியதையெல்லாம் நோட்டில் எழுதி வைப்பான். எத்தனை கிலோ, எத்தனை முறை, கூடவே ஒரு வரி. "இந்த அடித்தளத்துல நோட்டெல்லாம் பூஞ்சை பிடிச்சு நாசமாகும். இதுல ஏத்திடு, காலத்துக்கும் போகாது," என்று சொன்னவள் ராலிட்சாதான். அடுத்த வருடக் குளிர்காலத்தில் முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்திருந்தவன், ஒரு விரலால் தட்டித் தட்டி ஆறு வருடத்து நோட்டையும் ஏற்றினான். நோட்டுகளை மிஞ்சோ குப்பையில் போட்டார். உண்மையிலேயே பூஞ்சை பிடித்திருந்தது.

அடுத்த நவம்பரில் ஒரு நாள் அவனுக்கு மூன்று முயற்சியும் தவறியது. "உனக்கு இது வராதுடா, போய் பால் வண்டி ஓட்டு," என்றார் மிஞ்சோ. பையன் பதில் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அசெனோவ்கிராத் சாலையில் லாரி. பத்தொன்பது வயது. மிஞ்சோ அன்று என்ன சொன்னார் என்பது பேட்டை முழுக்கத் தெரியும், யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. தோத்கா மட்டும் அன்றிலிருந்து புருஷனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

எங்கள் ஊரில் செத்தவர்கள் சுவரை விட்டு இறங்குவது கிடையாது. நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், அப்புறம் வருடா வருடம் புதுசாக அஞ்சலி நோட்டீஸ் அடித்து, வீட்டுக் கதவு, பேருந்து நிறுத்தம், மரம் என்று ஒட்டிக்கொண்டே இருப்போம். படத்துக்குக் கீழே வழக்கமான வார்த்தைகள்தான் எல்லோரும் போடுவது. மிஞ்சோ மட்டும் மகன் எழுதியதிலிருந்தே ஒரு வரி எடுத்துப் போடுவார். முதல் வருடம் "நாளை நூற்றைம்பது." அடுத்த வருடம் "முழங்கால் வலிக்கிறது. பரவாயில்லை." இன்னொரு வருடம் "அப்பா கத்தினார். நான் தூக்கினேன்." அந்த ஒரு வரிக்காக வருடத்துக்கு ஒரே முறை மூன்றாம் எண்ணைத் திறப்பார். மற்ற நாளில் அந்தப் பக்கமே போக மாட்டார், மனசு தாங்காது.

மென்பொருளில் ஒரு விதி உண்டு. இரண்டு வருடம் வாசல் மிதிக்காத உறுப்பினரின் விவரமெல்லாம் தானாக அழிந்துவிடும். தனியுரிமைச் சட்டத்துக்குப் பயந்து ராலிட்சாவே எழுதியது. ஸ்வெத்லினுக்கு இரண்டு வருடம் நெருங்கியபோது அவசரமாக ஒரு வரி சேர்த்தாள், மூன்றைத் தொடாதே என்று. பக்கத்தில் "தற்காலிகம், பிறகு பார்க்கலாம்" என்று குறிப்பும் எழுதினாள். நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் எழுதுவது அது. எவரும் பிறகு பார்ப்பதில்லை.

இதற்குள் மென்பொருள் ஊர் ஊராகப் போய், கிரேக்க எல்லை வரைக்கும் இருநூறு ஜிம்களுக்கு மேல் ஓடியது. பெருமைதான், ஆனால் பெருமையோடு தொலைபேசியும் வந்தது. வர்ணாவில் கதவு திறக்கவில்லை, ஸ்கோப்யேயில் கதவு மூடவில்லை. தங்கை கல்யாணத்தில், தாலாட்டுக்கு நடுவில், பல் டாக்டர் நாற்காலியில் என்று அவளை விடவில்லை. கணவன் பிளாமென் ஒரு நாள் சொன்னான்: "நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இருநூறு பயில்வான் படுத்திருக்கான், ராலி. எனக்குப் போர்வை எட்டல." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அடுத்த வாரம் ராலிட்சா அதை விற்க ஆள் தேடத் தொடங்கினாள்.

வாங்க வந்தது வடக்கே ஒரு நிறுவனம். பேச ஒருவர் வந்தார், ஹென்ரிக் என்று, குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். அவருடைய ஆட்கள் நிரலைத் துருவிப் பார்த்து நாற்பத்தொரு வரிகளுக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்டு அனுப்பினார்கள். எல்லாம் அவ்வப்போது எவனோ கெஞ்சியதற்காகச் செருகிய ஒட்டுவேலைகள். "இவை ஏன் இருக்கின்றன? விளக்கவும் அல்லது நீக்கவும்."

நாற்பத்தொன்றுக்கும் உட்கார்ந்து விளக்கம் எழுத யாருக்குப் பொறுமை? வீட்டை விற்கிறவர்கள் சுவரில் ஆணியைப் பிடுங்குவதுபோல, மே மாதக் கடைசியில் ஒரே சனிக்கிழமையில் எல்லாவற்றையும் நீக்கினாள். ஒவ்வொன்றிலும் "தற்காலிகம்" என்றுதான் இருந்தது, அவளே எழுதியது. பத்தாவது வரிக்குப் பிறகு படிப்பதையும் நிறுத்திவிட்டாள். மென்பொருள் முன்னைவிட நன்றாக ஓடியது. அன்று மாலை பிளாமெனோடு மரித்சா ஆற்றங்கரையில் நடந்தபோது பத்து வயது குறைந்ததுபோல இருந்தது அவளுக்கு.

ஜூன் முதல் தேதி ஒப்படைத்தாள். ஒப்பந்தப்படி தன்னிடம் ஒரு நகலும் இருக்கக்கூடாது. ஹென்ரிக் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, சமையலறை மேசையில் வைத்துக் கணினி வட்டுகளைத் துடைத்து அழித்தாள். ஒரு நிமிடம் ஸ்வெத்லின் நினைவு வந்தது. அவன்தான் அவர்களிடம் பத்திரமாக இருக்கிறானே என்று எண்ணிக்கொண்டாள். அன்று நள்ளிரவு, மாதாமாதம் முதல் தேதி மட்டும் ஓடும் அந்த இரண்டு வருட விதி வழக்கம்போல எழுந்து, தன் வேலையைச் செய்துவிட்டுப் படுத்தது.

நவம்பர் முதல் திங்கட்கிழமை மிஞ்சோ கூப்பிட்டார்.

"பொண்ணே, மூணாம் நம்பர் போட்டா 'உறுப்பினர் இல்லை'ங்குது. கண்ணாடி போட்டுட்டும் பாத்துட்டேன். வியாழக்கிழமைக்குள்ள அச்சகத்துல குடுக்கணும்."

"புதுசா மாத்தியிருப்பாங்க, மாமா. கேட்டுச் சொல்றேன்."

ஹென்ரிக் பணிவாகத்தான் பேசினார். "தேடிப் பாத்துட்டோம், ராலிட்சா. ஜூன் ஒண்ணாந்தேதி ராத்திரி அழிஞ்சிருக்கு. உங்க விதிப்படிதான். அதுக்கு விலக்கு எதுவும் நிரல்ல இல்லையே."

"இருந்துச்சு. நானே எழுதினேன்."

"நாப்பத்தொண்ணுல ஒண்ணா இருக்கும்."

"பேக்கப்?" என்று கேட்டாள்.

"மூணு மாசம்தான் வச்சிருப்போம். நீங்க ஆகஸ்ட்ல கேட்டிருந்தா குடுத்திருப்பேன். உண்மையாவே வருத்தமா இருக்கு."

திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். கிடைத்தது அவள் மட்டும்தான். செத்தவனை இரண்டாம் முறை சாகடித்தது போலிருந்தது. நேரே போய் அவர் முன்னால் நின்று, மாமா, அழிச்சது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் கத்தியிருப்பார், இரும்பைத் தூக்கி எறிந்திருப்பார், ஒருவேளை அழுதிருப்பார். அதற்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை. தைரியம் இல்லாதவர்களுக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

"கிடைச்சிடுச்சு, மாமா," என்றாள் தொலைபேசியில். "புதுசுல பழைய குறிப்பெல்லாம் ஏத்த முடியாதாம். காகிதத்துல எடுத்துக் கொண்டு வரேன்."

"காகிதமா? நல்லதாப் போச்சு! மொதல்லயே காகிதமா இருந்திருக்கலாம்."

பிளாமெனுக்கு மட்டும் விஷயம் தெரியும். "போய்ச் சொல்லிடு ராலி, கிழவன் கொல்லவா போறான்?" என்றான்.

"கொன்னாப் பரவால்ல."

செவ்வாயும் புதனும் அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஸ்வெத்லின் கலந்துகொண்ட போட்டிகளின் முடிவுகள் இணையத்தில் இருந்தன. பேட்டைச் சுவர்களில் வந்த ஐந்து வரிகளும் தெரியும். ஆரம்ப நாட்களில் மென்பொருளைச் சோதிக்க அவன் பதிவுகளைத்தான் திறந்து திறந்து பார்ப்பாள், அதில் முப்பது நாற்பது நினைவில் இருந்தன. மிச்சத்தை எழுதினாள். எடை எப்படி ஏறும், காய்ச்சலுக்குப் பிறகு எப்படி இறங்கும் என்பதெல்லாம் எட்டு வருடமாகப் பார்த்தவளுக்குத் தெரியாதா? "தோள் பிடித்திருக்கிறது." "தூக்கம் போதவில்லை." "அப்பா கத்தினார்." முந்நூறு நாட்களுக்கு மேல் எழுதினாள். கை ஓடத் தொடங்கிய பிறகு அவன் பேசுவது காதில் கேட்பதுபோலவே ஆகிவிட்டது. அந்தப் பையனே எழுதியிருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஒரே ஒரு இடத்தில் கை சும்மா இருக்கவில்லை. கடைசி வருடம், ஏப்ரலில் ஒரு நாள்: "இன்று அப்பா திட்டவில்லை. தோளில் தட்டினார்." எழுதிவிட்டு, அழித்துவிடலாமா என்று யோசித்தாள். பாவம் மனுஷன், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வியாழன் காலையில் மிஞ்சோ முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார். ஏதாவது ஒரு பக்கத்தில் நிமிர்ந்து, யாரு எழுதுனது இது, என்று கேட்டுவிடுவார் என அவள் காத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது. விரல் ஏப்ரலில் நின்றது. வெகுநேரம் நின்றது.

"ராலிட்சா."

"சொல்லுங்க மாமா."

"நான் தட்டினேன்."

அவள் குனிந்து அந்த வரியைப் பார்த்தாள்.

"அன்னிக்கு மழை. ஆமா, சரியான மழை. நூத்தி நாப்பது சுத்தமா எடுத்தான். நான் எழுந்து போய்த் தட்டினேன், இந்தக் கையால." வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கே மறந்துபோச்சு பாரேன். ஆறு வருஷமா கத்துனது மட்டும்தான் ஞாபகம் வருது. எத்தனை தடவை திறந்தேன், இது எப்படிக் கண்ணுல படாமப் போச்சு?"

"நிறைய இருக்குல்ல மாமா. விட்டிருப்பீங்க." அந்தப் பொய் மட்டும் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் அழுதார். கடைவாயில் எச்சில் வழிய, குழந்தை மாதிரி அழுதார். பளு தூக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் சத்தமில்லாமல் அதை இறக்கி வைத்துவிட்டு வெளியே போனார்கள்.

சனிக்கிழமை காலை ஆறாம் வருட நோட்டீஸ். மிஞ்சோ ஒரு கட்டுக் காகிதத்தையும் ஒட்டுநாடாவையும் எடுத்துக்கொண்டு ராலிட்சா குடியிருக்கும் கட்டிடத்துக்கே வந்துவிட்டார். புதிதாகச் சவரம் செய்திருந்தார். அவள் கையில், செத்தவர் பேரில் கொடுக்கிற, வேகவைத்த கோதுமையும் சர்க்கரையும் போட்ட சின்னக் குவளையைத் திணித்தார்.

"தோத்கா செஞ்சது. மூணு நாளா அந்தத் தாளையே படிச்சுக்கிட்டிருக்கா. 'தட்டிக் குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா, கிழட்டு மாடே'ங்கறா." சிரித்தார். "நேத்து எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டா."

இப்போதாவது சொல்லிவிடலாமா? இல்லை, அதற்கெல்லாம் காலம் கடந்துவிட்டது. திங்கட்கிழமை சொல்லியிருந்தால் அந்தப் பதிவுகள் மட்டும்தான் போயிருக்கும். இப்போது சொன்னால் அந்த மேசை போகும், கோதுமை போகும், மழை பெய்த அந்த ஏப்ரல் நாளும் போகும். ராலிட்சா ஒரு ஸ்பூன் கோதுமையை வாயில் போட்டு, வழக்கப்படி "கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்றாள். மென்றுகொண்டே நின்றாள்.

"இன்னும் இருபது வருஷத்துக்கு வரி இருக்கு அதுல," என்றார் மிஞ்சோ, நோட்டீஸை அவள் வீட்டுக் கதவில் வைத்து அளந்தபடி. "ஒவ்வொண்ணாப் பாத்து வச்சிட்டேன். எனக்கப்புறம் நீதான் போடணும், என்ன?"

படத்தில் ஸ்வெத்லின் பத்தொன்பது வயதிலேயே நின்றுகொண்டிருந்தான். கீழே கருப்பு மையில் அவள் எழுதிய அந்த ஏப்ரல் வரி.

"இந்த மூலையப் பிடி, கண்ணு. சாயுது பாரு. நேராப் பிடி."

அவள் நேராகப் பிடித்தாள்.