செவ்வாய்க்கிழமை டப்பாக்கள்

பள்ளிகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பும் அந்தச் சமையற்கூடத்தில் அவளுக்குக் குருவி என்று பெயர். தலைமைச் சமையல்காரர் வைத்தது. எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது அவள் மட்டும் அரைத் துண்டு ரொட்டியை அரை மணி நேரம் பிய்த்துக்கொண்டிருப்பாள்.

"காத்தக் குடிச்சே உசுர் வாழற ஆளு நீதாம்மா. எல்லாரும் உன்னை மாதிரி இருந்தா நான் அடுப்பை அணைச்சுட்டு வீட்டுக்குப் போயிடலாம்" என்பார். அவள் சிரித்துவைப்பாள்.

மாதிரி எடுத்து வைப்பதுதான் அவள் வேலை. அன்றன்று சமைத்ததில் வகைக்கொரு டப்பா நிரப்பி, தேதி ஒட்டி, குளிர்பெட்டியில் மூன்று நாள் பாதுகாக்க வேண்டும். எந்தக் குழந்தைக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அதைத்தான் சோதனைக்கு அனுப்புவார்கள். டப்பா இல்லையென்றால் பழி சமைத்தவர் தலையில் விழும்.

அவள் தனியாக இருக்கும் அறையில் தின்ன ஒரு பொருளும் இருக்காது. வாங்கி வைத்தால் என்ன ஆகும் என்று தெரியும். இன்றைக்கு ஒழுங்காக இருப்பேன் என்று தினமும் காலையில் தனக்குத்தானே சத்தியம் செய்துகொள்வாள். பிற்பகல் வரை அது தாங்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகு, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் டப்பாவைத் திறந்தாள். அதற்குப் பிறகு கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. சில்லிட்ட கிழங்கு, முட்டை, சூப்பு எல்லாவற்றையும் நின்றபடியே அள்ளி அள்ளி விழுங்கினாள். போதும், போதும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். மூன்று டப்பாவும் காலியான பிறகுதான் கை நின்றது. கழுவித் துடைத்து, மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். மூன்று நாள் ஓடிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

வியாழக்கிழமை காலை சுகாதார அதிகாரியம்மா வந்து நின்றார். செவ்வாயன்று சாப்பிட்ட பதினோரு குழந்தைகளுக்கு வாந்தி.

"இதென்னங்க, டப்பா காலியா இருக்கு?"

சமையல்காரருக்கு முகம் வெளுத்தது. "என் கண் முன்னாடிதான் மேடம் இவ நிரப்பினா."

"நிரப்பினது எங்க போச்சு? நீங்க மறைச்சிட்டீங்கன்னுதான் நான் எழுதணும். இனிமே அடுப்புப் பக்கம் வராதீங்க."

சமையல்காரர் மேலங்கியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். இழுக்க இழுக்க முடிச்சு இறுகிக்கொண்டே போனது.

"நான் சாப்பிட்டேன்" என்றாள் அவள்.

அவர் சிரித்தேவிட்டார். "சும்மா இரும்மா. எனக்காகப் பொய் சொல்லி நீ மாட்டிக்காத. மேடம், அரை ரொட்டி தின்ன இவளுக்கு அரை நாள் வேணும்."

இத்தனை நாள் மறைத்தது அவ்வளவு கச்சிதம். இப்போது உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை.

"கிழங்குல உப்பு ஜாஸ்திண்ணே. சூப்பை டப்பாவோட சாய்ச்சுக் குடிச்சேன். தரையில சிந்தினதையும்..."

அவர் சிரிப்பு அடங்கியது. "உப்பு தூக்கலாத்தான் போச்சு. ஆனா அன்னைக்கு மத்தியானம் நீ தொடவே இல்லியே" என்றார், மெல்ல.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "சாப்பிட்ட பிறகு உடம்புக்கு ஏதாவது பண்ணிச்சா?"

"இல்லைங்க."

"வாந்தி?"

அவள் காலி டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள்.

"அன்னைக்கு மட்டும் எடுக்கல."

அதிகாரியின் பேனா நின்றது. அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எழுதினார். "அப்ப சாப்பாட்டுல கோளாறு இருக்க வாய்ப்பு கம்மி. பள்ளிக்கூடத்துத் தண்ணித் தொட்டியைச் சோதிக்கச் சொல்றேன். ஆனா மாதிரியைத் தின்னதுக்கு உங்க மேல நடவடிக்கை வரும்மா. இதுல கையெழுத்துப் போடுங்க."

தாளை வைத்துவிட்டு அவர் வெளியே போனார். சமையல்காரர் போகவில்லை.

"பசிச்சா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ஒரு தட்டு போட்டு வச்சிருப்பேனே."

"பசி இல்லண்ணே. தட்டுல வச்சா நான் சாப்பிட மாட்டேன்."

அவர் அவிழாத முடிச்சோடு அடுப்பு மூட்டப் போனார். அவள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.