மெழுகுவத்தி இருக்கிற பக்கம்

மத்தியானக் கூட்டம் கலைந்து மேசை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பெரிய ஓட்டலுக்குள் ஒரு அம்மாள் தனியாக வந்து ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். மேனேஜருக்குச் சந்தேகம். சாப்பிட வந்தவள் மாதிரி இல்லை. சோதனை போட வந்த அதிகாரி என்றால் கையில் துணிப்பை இருக்காது. கிட்டே போய் விசாரித்தார். சனிக்கிழமை சாயங்காலம் தன் பிள்ளைகள் இங்கே இடம் சொல்லிவைத்திருப்பதாகவும், எந்த மேசை என்று காட்டினால் நல்லது என்றும் அவள் சொன்னாள். அவர் காட்டியது சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசை. அது ஆகாது என்றாள். ஜன்னலோரத்து வட்ட மேசைதான் வேண்டும். வட்டமாக இருந்தால் எல்லார் முகமும் தெரியும், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் வெளிச்சம் எதிராளி முகத்தில் விழும். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "கொஞ்சம் எதிர்ல உக்காந்து ஏதாவது பேசுங்களேன்" என்று மட்டும் கேட்டாள். "என்னம்மா பேசறது?" என்றார் மேனேஜர். "அது போதும்" என்று எழுந்து, திருப்தியாக வெளியே போய்விட்டாள்.

சாயங்காலம் போய் ராத்திரி வந்தால் ஜன்னலில் சூரியன் இருக்காது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் விளக்குப் போடுவார்கள் அல்லவா? இவ்வளவு காசு வாங்குகிறவன் விளக்குப் போடாமலா இருப்பான் என்று நினைத்துவிட்டாள்.

தெருவில் அவளுக்கு மில்லம்மா என்று பெயர். கல்யாணத்துக்கு முன்பே நெசவு மில்லில் சேர்ந்து, மில்லை மூடும்வரை தறி ஓட்டியவள். அத்தனை தறியும் ஒரே கூரையின் கீழ் ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிரில் இருப்பவள் பார்த்துப் புரிந்துகொள்வாள். மாமியார் சண்டை, மேஸ்திரியின் வழிசல், யாருக்கு எத்தனை மாசம் என்பது உட்பட எல்லாம் ஒரு சத்தமும் இல்லாமல் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்து சேரும். அந்த வித்தையைக் கொடுத்த தறிகள் பதிலுக்கு அவள் காதை எடுத்துக்கொண்டன. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. யார் பேசினாலும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து பதில் சொல்வாள். அம்மா மாதிரி காது கொடுத்துக் கேட்க ஆள் கிடையாது என்று மகள் பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்தாள். விட்டுப்போன இடங்களைச் சிரிப்பாலும் தலையாட்டலாலும் நிரப்பிக்கொள்வது மில்லம்மாவின் வழக்கம். விஷயம் தெரிந்த ஒரே ஆள், பக்கத்துத் தறியில் நின்ற குண்டூசி. ஆள் அவ்வளவு ஒல்லி, பேச்சு அவ்வளவு கூர். அவளோடு ரகசியமாகப் போய் வாங்கிய காது மெஷின் ஒன்று பீரோவில் தூங்குகிறது. அதை மாட்டினால் பேச்சைவிடப் பாத்திரம் உருள்கிற சத்தம்தான் மண்டையைப் பிளந்தது. ஆக, காது போன சங்கதியை இத்தனை காலமும் காதும் காதும் வைத்த மாதிரிதான் காப்பாற்றி வந்தாள்.

அதற்கு இப்போது ஆபத்து வந்திருந்தது. போன வாரம் மகனும் மருமகளும் அவளை வீட்டில் இறக்கிவிட்டு, காரை எடுக்காமல் உள்ளேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மில்லம்மா மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். மகன் தாடி மீசை வளர்த்த நாளிலிருந்து அவன் பேச்சில் பாதி முடிக்குள்ளேயே போய்விடுகிறது. மருமகள் அப்படியில்லை. குழந்தைகளுக்குப் பல் பார்க்கிற டாக்டர். வாயை எப்படித் திறப்பது என்று நாள் பூராவும் திறந்து காட்டியே பழகிய அவள் உதடுகள் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எடுத்து வைக்கும். கார்க் கண்ணாடிக்குப் பின்னால் அந்த உதடுகள் சொன்னது இதுதான்: "ஓட்டல்ல வச்சுச் சொல்லிடலாம். அங்கன்னா அத்தை கத்த மாட்டாங்க. வீட்டைக் காலி பண்ணிட்டு நம்மளோட வந்துடட்டும்."

பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, அதுதான் பெரிய தொல்லை. கெட்டவர்களாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். தனியாக இருக்கிறாளே, விழுந்து கிழுந்து வைத்தால் யார் பார்ப்பது என்கிற கவலைதான் அவர்களுக்கு. ஆனால் அந்த வாடகை மாடி வீட்டுக்குக் கீழேதான் பஸ் நிறுத்தம். காலையில் டீயோடு ஜன்னலில் உட்கார்ந்தால் மில்லம்மாவுக்குப் பொழுது போவதே தெரியாது. முறைத்துக்கொண்டு வந்து, ரெண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, மூன்றாவது பஸ்ஸில் ஒன்றாக ஏறிப் போகிற ஒரு ஜோடி. போனில் முதலாளியிடம் குழைந்து குழைந்து பேசிவிட்டு, வைத்ததும் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிற ஒருவர். பாடத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே நிற்கிற பள்ளிக்கூடத்துப் பெண். அவள் எந்த வரியில் தடுக்குவாள் என்பதுகூட மில்லம்மாவுக்கு அத்துபடி. மகன் வீடு வானத்தில் பாதியில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் உச்சந்தலை தெரியும், வாய் தெரியாது. அங்கே போய் உட்கார்ந்தால் அவளைப் பொறுத்தவரை ஊரே பேச்சை நிறுத்திவிட்ட மாதிரிதான்.

போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். கத்தாமல், அழாமல், சிரித்த முகத்தோடு, அவர்கள் எடுத்துவைக்கும் ஒவ்வொரு காரணத்துக்கும் பதில் சொல்லிச் சாதிக்க வேண்டும். அதற்கு அவர்கள் பேசுவது ஒன்று விடாமல் தெரிய வேண்டும். காது கேட்காதென்று தெரிந்துவிட்டாலோ வாதத்துக்கே இடமில்லை, அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவார்கள்.

சனிக்கிழமை குண்டூசியையும் கூட்டிக்கொண்டு போனாள். எதிரில் உட்கார்ந்து, விட்டுப்போகிற வார்த்தைகளை உதட்டால் எடுத்துக் கொடுப்பது குண்டூசியின் வேலை. ஓட்டலுக்குள் காலை வைத்ததும் மில்லம்மாவுக்குத் திக்கென்றது.

"கரண்ட் போயிடுச்சாடி?"

குண்டூசி அவள் முகத்துக்கு நேரே வந்து வாயசைத்தாள். "இல்லடி. இந்த இருட்டுக்குத்தான் காசு."

ஜன்னலோர மேசை பத்திரமாக இருந்தது. ஜன்னல்தான் கன்னங்கரேல் என்று இருந்தது. மேசை நடுவில் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் மெழுகுவத்தி, அவ்வளவுதான் வெளிச்சம். மகன் வந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தான். மகள் கன்னத்தோடு கன்னம் வைத்து என்னவோ சொன்னாள். மெனு அட்டையைக் கையில் கொடுத்ததும், அதைப் படிக்க முடியாமல் எல்லாரும் செல்போன் விளக்கைப் போட்டார்கள். அந்தக் கொஞ்ச நேரம் எல்லார் முகமும் கீழிருந்து வெளிச்சம் பட்டு, பயமுறுத்துகிற மாதிரி இருந்தாலும், உதடுகள் நன்றாகத் தெரிந்தன. சூப் என்றாள் மகள், காளான் வேண்டாம் என்றாள் மருமகள், மீன் எப்படி இருக்கும் என்று விசாரித்தான் மகன். மில்லம்மா தெம்பாகத் தனக்கும் மீன் சொன்னாள். அட்டைகளை வாங்கிக்கொண்டு போனான் சர்வர். செல்போன்கள் அணைந்தன, முகங்களும் அணைந்தன.

அதற்கப்புறம் அவள் கைவசம் இருந்த ஆயுதங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். பதில் தெரிந்த கேள்விகளாகப் பார்த்துக் கேட்டாள். மற்றவர்கள் தோள் குலுங்கியபோது தானும் சிரித்தாள். மகள் வாய் நிறைய ரொட்டியோடு பேசினாள். அது பகலிலேயே புரியாது. மருமகள் நாற்காலியில் சாய்ந்து இருட்டுக்குள் போய்விட்டாள். குண்டூசி எதிரில் உட்கார்ந்து உயிரைக் கொடுத்து வாயசைத்தாள், பல் மட்டும் பளிச்சிட்டது. சூப் முடிந்தது. மீன் வந்தது. மகன் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்து நிதானமாக எதையோ சொல்லத் தொடங்கினான். தாடி மேலும் கீழும் போய்வந்தது. நிறுத்தினான். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். மீன் நன்றாயிருக்கிறதா என்று கேட்கிறான் போல என்று எண்ணி, மில்லம்மா சிரித்து நன்றாகத் தலையாட்டினாள்.

மகள் எழுந்து ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மருமகள் கையைப் பிடித்து அழுத்தினாள். மகன் ஜூஸ் கிளாஸை உயரத் தூக்கினான். மீனுக்கு இவ்வளவு கொண்டாட்டம் இருக்காது. மில்லம்மா எதிரே பார்த்தாள். குண்டூசி தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

எதற்குத் தலையாட்டியிருக்கிறோம் என்று மில்லம்மா ஊகித்துவிட்டாள். பேசாமல் வீட்டுக்குப் போய், நாளைக்கு முடியாது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். 'நேத்து நீதானேம்மா சரின்னு சொன்ன' என்பான் மகன். மகள் மருமகளைப் பார்ப்பாள், மருமகள் மகனைப் பார்ப்பாள், அம்மாவுக்கு மறதி ஆரம்பித்துவிட்டது என்று மூன்று பேரும் கண்ணாலேயே பேசி முடித்துவிடுவார்கள். காது போனவள் என்ற பெயர் வரட்டும், புத்தி போனவள் என்ற பெயர் மட்டும் வரக் கூடாது. கழுத்தில் இருந்த மகளின் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"எல்லாரும் உக்காருங்க. நான் இப்ப எதுக்குத் தலையாட்டினேன்னு யாராவது சொல்லுங்க."

தன் குரல் எவ்வளவு பெரிதென்று அவளுக்குத் தெரியாது. பக்கத்து மேசைகளில் தலைகள் திரும்பின. மகள் சிரித்துக்கொண்டே என்னவோ சொன்னாள்.

"தெரியல. எனக்குக் காது கேக்காது. ரொம்ப வருஷமாச்சு. இத்தனை நாளும் உங்க வாயைப் பாத்துதான் பேசிக்கிட்டிருந்தேன். இந்த இருட்டுல எவன் வாயும் தெரியல. மீனைப் பத்திக் கேக்கறீங்கன்னு நெனச்சுத் தலையாட்டிட்டேன். அது செல்லாது."

சொன்ன பிறகு, கல்லைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்ததை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. மகள் பதறிப்போய்ச் செல்போன் விளக்கைப் போட்டு அண்ணன் மூஞ்சியில் அடித்தாள். அவன் கண்ணைக் கசக்கினான், அடுத்த மேசைக்காரர் முணுமுணுத்தார், மேனேஜர் வந்துவிட்டார். மில்லம்மாவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அன்றொரு மத்தியானம் வந்து தன்னை எதற்கு எதிரில் உட்காரச் சொன்னாள் என்பது அவருக்கு இப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். விளக்கைக் கூட்டட்டுமா என்று கையால் கேட்டார்.

"வேண்டாம்ப்பா, மத்தவங்க சாப்பிடட்டும்" என்றவள், நடுவில் இருந்த மெழுகுவத்திக் குவளையை எடுத்து மகள் முன்னால் வைத்தாள். "இது யார் முன்னாடி இருக்கோ அவங்க பேசுங்க. மத்தவங்க வாயை மூடிக்கிட்டு இருங்க. நம்ம வீட்டுல அதுவும் ஒரு நல்ல பழக்கமா இருக்கும்."

வெளிச்சம் முகத்தில் இருக்கும்போது அழுவது மகளுக்குக் கூச்சமாக இருந்தது. "ஏம்மா எங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டாள். "சொன்னா பெட்டியைக் கட்டிடுவீங்கன்னுதான்" என்றாள் மில்லம்மா. மகள் குவளையை அண்ணி பக்கம் நகர்த்தினாள்.

மருமகள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் உதடுகள் எப்போதும்போலத் துப்புரவாக இருந்தன. "அத்தை, நீங்க எங்களோட வர்றதைப் பத்திதான் கேட்டார். நீங்க சரின்னுதான் சொல்லுவீங்கன்னு நெனச்சு, வீட்டு ஓனர்கிட்ட மாசக் கடைசியில காலி பண்றோம்னு முன்னாடியே சொல்லிட்டோம். தப்புதான்."

"தப்புன்னா திருத்திக்கலாம். திங்கக்கிழமை போய்க் காலி பண்ணலன்னு சொல்லிட்டு வாங்க."

அடுத்தது குண்டூசி. அவள் குவளையை முகத்துக்குக் கிட்டே இழுத்து, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். பிள்ளைகள் மூன்று பேரும் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். 'பிடிச்ச பிடியை விடாதடி' என்றாள் அவள். மில்லம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணும் கலங்கியது.

குவளை மகன் முன்னால் வந்தது. அவன் மீன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மில்லம்மா காத்திருக்கவில்லை. "நான் வரல. இது கோவத்துல சொல்றதில்ல. அந்த ஜன்னலை விட்டுட்டு வர மாட்டேன். நீ என்ன கேட்டாலும் பதில் சொல்றேன், ராத்திரி பூரா ஆனாலும் சரி. கேளு."

அவன் நிமிர்ந்து பேசினான். தாடி அசைந்தது.

"தெரியலடா."

மறுபடியும் பேசினான். சத்தமாகப் பேசியிருப்பான் போல, பக்கத்து மேசை மறுபடி திரும்பியது.

"கத்தி என்னடா பிரயோஜனம்? வாயே தெரியல."

அவன் குவளையைத் தாடிக்குக் கீழே கொண்டுவந்து வைத்துக்கொண்டு, உதட்டின் மேல் விழுந்திருந்த மீசையை இரண்டு விரலால் பிரித்து மேலே தூக்கிப் பிடித்தான். சின்ன வயதில் படியில் விழுந்து கிழித்துக்கொண்ட தழும்பு மேலுதட்டில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று! மில்லம்மா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு முழங்கையையும் மேசைமேல் ஊன்றிக்கொண்டாள். அந்த உதடு அசையத் தொடங்கியது.