மோட்டார் நிற்கும்வரை

"மோட்டர் நிக்குமட்டும் நிக்கிறன். நிண்டதும் வெளிக்கிடுவன்," என்று சொல்லிவிட்டாள் வெரோனிக்கா.

அவள் கணவன் ஆரூரன் படகிலிருந்து கழற்றிய மோட்டாரைத் தோட்டத்து மழைநீர்ப் பீப்பாயின் விளிம்பில் மாட்டி, கயிற்றை இழுத்தான். அது உறுமிக்கொண்டு எழுந்தது. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் குளிர் தொடங்கினால் கால்வாயில் படகு வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். முதலில் உள்ளே நல்ல தண்ணீர் ஓட வேண்டும். பிறகு பெற்றோல் குழாயைக் கழற்றிவிட்டு, மிச்சம் இருப்பதை எரித்துத் தானாகவே நிற்க விட வேண்டும். பெற்றோல் உள்ளே கிடந்தால் வசந்தத்துக்குள் பிசினாகி எல்லாவற்றையும் அடைத்துவிடும்.

வாசலில் நின்ற கார் முழுக்க அவளுடைய பெட்டிகள். தூரத்து நகரமான ஹாலேயில், பழைய தமிழ்க் கடிதங்களைப் பாதுகாக்கும் சுவடிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. முன்பும் அங்கே கூப்பிட்டார்கள். "அடுத்த வருசம் ரெண்டு பேருமாப் போவம்" என்றான் ஆரூரன். அடுத்த வருடமும் அதையே சொன்னான். அதற்கடுத்த வருடம் படகு வாங்கினான். இந்த முறை அவள் அவனைக் கேட்கவே இல்லை. ஓர் ஆளுக்கு அளவான வீடாகப் பார்த்துவிட்டாள்.

அவன் குழாயைக் கழற்றினான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்து சாண்ட்ரா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "மத்தியான ஓய்வு நேரத்திலயும் இந்தச் சத்தமா?" என்று ஜெர்மனில் கத்தினாள். வெரோனிக்கா சமாதானம் சொல்லப் போனாள்.

திரும்பி வந்தபோதும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, இன்னும் நிக்கேல்லையோ?"

"கொஞ்சம் கூடக் கிடந்திருக்குப் போல."

அவள் குனிந்து பார்த்தாள். குழாய் மறுபடி மாட்டியிருந்தது. கத்தப்போகிறாள் என்று நினைத்தான். அவள் சிரித்தாள்; கண் நிறைந்திருந்தது.

"இதிலயுமோ கள்ளம்? சரி, பின்னேரம் வரைக்கும் ஓடும். அதுக்குப் பிறகு?"

"நானும் வாறன், வெரோ. வசந்தம் வரட்டும். படகை வித்துப்போட்டு..."

"பாத்தீங்களோ? இப்பவும் வசந்தம்!"

அவள் குழாயைச் சுட்டிக்காட்டினாள்.

"நான் தொட மாட்டன். நீங்களே கழட்டுங்கோ."

கழற்றினான். மோட்டார் கொஞ்ச நேரம் ஒன்றும் நடவாததுபோல ஓடியது. பிறகு ஒருமுறை உரத்து அலறி, இருமி, அடங்கிவிட்டது.

அவள் அவன் தோளில் கை வைத்தாள். "கறி பிரிட்ஜுக்குள்ள கிடக்கு. சூடாக்கிச் சாப்பிடுங்கோ," என்றாள். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலை இன்னும் முடியவில்லை. உள்ளே சொட்டுப் பெற்றோலும் இல்லை என்று தெரிந்துகொள்ள, கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்தான். மோட்டார் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் வேலை சுத்தம் என்பது அவனுக்குத் தெரியும்.

ஆனாலும் மறுபடி இழுத்தான். மறுபடியும்.