என் தப்புதாங்க

இன்சூரன்ஸ்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் வாசலில் குறுக்கே கையை வைத்துவிட்டாள்.

“என்ன வேணும்?”

“துக்கம் விசாரிக்கத்தாம்மா வந்தேன்.”

“துக்கம் விசாரிக்க வர்றவங்க கையில எதுக்கு ஃபைலு?”

அவர் ஃபைலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். முகத்தில் எந்நேரமும் கொஞ்சம் அனுதாபத்தைப் பூசி வைத்திருக்கும் ஆள் அவர். அந்தப் பூச்சைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உள்ள விடு பாப்பா. சாவு வீட்டு வாசல்ல நின்னு வழக்குப் பேசாதே” என்றார் சித்தப்பா. அவளுக்கு முப்பத்து நான்கு வயதாகியும் வீட்டில் பாப்பாதான்.

முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வண்டி மூன்று மணிக்கு வருவதாக ஏற்பாடு. முப்பது வருடம் வீடு வீடாகப் போய்க் குழாய் ரிப்பேர் பார்த்த மனிதர். பச்சை விளக்கு விழுந்தபின் மொபெட்டைத் திருப்பியவரைப் பக்கத்துத் தெருவிலிருந்து நிற்காமல் வந்த கார் தூக்கி அடித்தது. இடுப்பெலும்பு உடைந்து பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நேற்றுக் காலை நுரையீரலில் சளி கட்டி மூச்சு நின்றது. அம்மா அவர் தலைமாட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். விபத்து நடந்த நாளிலிருந்து அம்மா யாரோடும் நல்ல வார்த்தை பேசவில்லை.

இன்சூரன்ஸ்காரர் உட்கார்ந்ததும் ஃபைல் மடிக்கு வந்துவிட்டது. “கம்பெனி மனிதாபிமான அடிப்படையில ஒரு தொகை தருதுங்க. இந்த முழுத் தீர்வு ரசீதுல அம்மா ஒரு கையெழுத்துப் போட்டா இன்னைக்கே முடிஞ்சிடும்.”

“முழுத் தீர்வுன்னா அப்புறம் எதுவுமே கேக்க முடியாது. அதையும் சேர்த்துச் சொல்லுங்க” என்றாள் அவள்.

அவளிடம் இந்த ஜாலமெல்லாம் செல்லாது. கோர்ட்டுக்கு எதிரே தட்டச்சுக் கடையில் பன்னிரண்டு வருடமாக விபத்து மனுக்கள் அடித்துக் கொடுப்பவள். கால் போனவர், கண் போனவர், கணவனைப் பறிகொடுத்தவள் என்று எத்தனையோ பேர். ‘படுத்திருக்கிற ஆளுகிட்ட கம்பெனிக்காரனைத் தனியா பேச விடாதீங்க’ என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புவாள். ஊருக்கு உபதேசம் செய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

“கேஸ் போடலாம்மா, வேணாங்கல. ஆனா தப்பு தன் மேலதான்னு ஐயாவே சொல்லியிருக்காரு.” அவர் போனை எடுத்து ஒரு பதிவை ஓடவிட்டார்.

‘அன்னிக்கு யார் மேல தப்புங்க ஐயா?’

‘என் தப்புதாங்க. மன்னிச்சிடுங்க.’

அப்பாவின் குரல்தான். அவர் கிடக்கும் அறையிலேயே அவர் பேசியதும் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

“இருந்தும் கெடுத்தாரு, செத்தும் கெடுத்தாரு” என்றாள் அம்மா.

அந்த மூன்று வார்த்தைதான் அப்பாவின் தொழில் முதலீடு. எந்த வீட்டுக் குழாய் உடைந்தாலும், அதை இடுக்கி போட்டுத் திருகி உடைத்தவர் வீட்டுக்காரராகவே இருந்தாலும், நுழைந்ததும் அதைச் சொல்லிவிட்டுத்தான் பையைத் திறப்பார். கத்தத் தயாராக நின்றவர்கள் காற்றுப் போன பலூனாகிவிடுவார்கள். சண்டை போட்டால் சண்டைதான் நடக்கும், வேலை நடக்காது என்பது அவர் கட்சி. அம்மாவுக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே ஆகாது.

“இந்த ஆளை வார்டுக்குள்ள விட்டது யாரு?” அம்மா அவள் பக்கம் திரும்பினாள். “அந்த நர்சுதானே?”

“ஆமாம்மா. நான் மருந்து வாங்கற வரிசையில நின்னேன்னு சொன்னேனே.”

அது பொய். ஒன்பதாம் நாள் காலை இவர் வந்தபோது அவள்தான் இருந்தாள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தூங்காத கண். நலம் விசாரிக்க வந்தேன் என்று அவர் சொன்னதை நம்பினாள் என்றுகூடச் சொல்ல முடியாது. கால் மணி நேரம் அந்தக் கட்டிலை விட்டுத் தப்பித்தால் போதும் என்றிருந்தது. போய்விட்டாள்.

“கையெழுத்தைப் போட்டுடுங்க அண்ணி” என்றார் சித்தப்பா. “கோர்ட்டுக்குப் போனா பாப்பாவோட பேரன் காலத்துலதான் தீர்ப்பு வரும்.”

“பேரனுக்கு முன்னாடி நடக்க வேண்டியதே இன்னும் நடக்கல சித்தப்பா.” அவள் கண் போன் திரையிலேயே இருந்தது. “இதென்ன பதினோரு செகண்டு? அப்பா பேசினது அவ்வளவுதானா? முழுசையும் போடுங்க.”

இன்சூரன்ஸ்காரர் அவளைப் பார்த்தார். இப்போது முகத்தில் அனுதாபம் இல்லை. “முழுசும் போட்டா உங்களுக்குத்தாம்மா நல்லாயிருக்காது” என்றார் மெதுவாக.

அவளுக்குப் புரிந்தது. இப்படியே விட்டால் அம்மா கையெழுத்துப் போடுவாள், எல்லாம் முடியும். சாகும் வரை ஒருவருக்கும் தெரிய வேண்டியதில்லை.

“போடுங்க. இல்லேன்னா வெட்டின பதிவைக் காட்டிக் கையெழுத்து கேட்டீங்கன்னு நானே மனு அடிச்சுக்கறேன். எனக்கு அடிக்கிற கூலி மிச்சம்.”

“போடுய்யா” என்றார் சித்தப்பாவும்.

கேட்டுக்கோ என்பதுபோல அவர் விரலால் அழுத்தினார்.

முதலில் வந்தது அவள் குரல். ‘வலிக்கு ஊசி போட்டிருக்காங்க சார். மயக்கத்துல ஏதேதோ பேசறாரு. நீங்க இருங்க, நான் கீழ போய் ஒரு காபி குடிச்சிட்டு வந்துடறேன்.’

அம்மா தலையைத் தூக்கினாள். அவளைப் பார்த்த பார்வைக்கு அடித்திருந்தாலே தேவலை.

கேள்வி வந்தது. என் தப்புதாங்க, மன்னிச்சிடுங்க, வந்தது. அதற்கு மேலும் ஓடியது.

‘வாஷர் போயிருக்கும். மெயின் வால்வை மூடுங்க, பத்து நிமிஷத்துல மாத்திடறேன்.’

‘ஐயா, நான் கார் விஷயத்தைக் கேக்கறேன்.’

‘ஆமாங்க. பழைய வாஷர்.’

சித்தப்பா சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தார். இன்சூரன்ஸ்காரர் போனை அணைக்கப் போனார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“ஓடட்டும்.”

‘பாப்பா, அந்தப் பெரிய ஸ்பேனரை எடு.’

மின்விசிறி கிறீச்சிடும் சத்தம்.

‘பாப்பா.’

‘அவங்க வெளிய போயிருக்காங்க ஐயா.’

‘இங்கதான் இருப்பா. எங்கயும் போகமாட்டா.’

பதிவு நின்றது. அவள் அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி, வந்து சேர்ந்ததைப் பார்த்தபின்தான் அவருக்கு வழி விட்டாள். ஃபைலோடு போனார், ரசீதில் கையெழுத்து இல்லாமல்.

அம்மா அவள் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“மனு என்னைக்கு அடிப்பே?”

“நாளன்னைக்குக் கடை திறந்ததும் அடிச்சிடறேம்மா.”

“எல்லாத்தையும் எழுது. அவர் பச்சையிலதான் திரும்பினாருன்னு எழுது. ஊசி போட்டிருந்ததை எழுது.” அம்மா அப்பாவின் மேல் கிடந்த துணியைச் சரி செய்தாள். “நீ காபி குடிக்கப் போனதையும் எழுது.”

“எழுதறேன்.”

அம்மா பெஞ்சில் ஓரமாக நகர்ந்தாள். தனக்கு இடம் விடுகிறாளா, தன் மேல் படாமல் விலகிக்கொள்கிறாளா என்று தெரியாமல் அவள் நின்றுகொண்டே இருந்தாள்.