பத்துக்கு எத்தனை

கெட்டிக்காரி என்று பேர் வாங்குவதில் வனஜாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் ஆசை. அந்த ஆசைதான் வினையாக முடிந்தது.

1998-ல் புணே ஆஸ்பத்திரி ஒன்றில் மூட்டுவாத ஆராய்ச்சி நடந்தது. ஒரே நோய் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு மாதிரி வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் ஆண்களைக் கேட்கக் காசிம், பெண்களைக் கேட்க வனஜா. அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் வாங்க வேண்டும். பத்து என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய மிகப் பெரிய வலி. காசிம் அச்சடித்ததை அப்படியே வாசித்துவிட்டு வந்தான். பெண்களோ, "வலிக்கு மார்க்கா? என்னம்மா கேக்கறே?" என்று விழித்தார்கள். வனஜா சும்மா இருப்பாளா?

"பத்துன்னா பிரசவ வலின்னு வெச்சுக்கோங்க. அதோட பாத்தா இது எத்தனை?"

சொந்தச் சரக்கு! ஆனால் எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிட்டது. மூன்று, இரண்டு, நாலு என்று மளமளவென்று பதில் வந்தது.

கூட்டிப் பார்த்தபோது ஆண்களுக்குச் சராசரி ஆறு, பெண்களுக்கு மூன்று. "மற்ற இடங்களில் பெண்களுக்குத்தான் வலி அதிகம் என்று எழுதுகிறார்கள். நம் பெண்களைப் பாருங்கள்!" என்று பெரிய டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தும் அதற்கு மேலும் சொன்னவர்களுக்குப் புது மருந்து இரண்டு வருஷம் இலவசம் என்று முடிவானது. பட்டியலில் பெண்கள் நாலே பேர். அப்போதும் மகராசி வனஜாவுக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

2001-ல் அவளுக்குப் பெண் பிறந்தது. பதினாறு மணி நேரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். ஐயோ, இதையா அளவு என்று எடுத்துக் கொடுத்தேன் என்று அங்கேயே அவளுக்கு உறைத்தது. திரும்ப வேலைக்குப் போனதும் பெரிய டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னாள். "கட்டுரை அச்சாகிவிட்டது, இனி அதைக் கிளறாதே" என்றார் அவர்.

மனசு கேட்கவில்லை. பழைய படிவங்களைப் பிரித்தாள். புணேக்குப் பக்கத்தில் ஹடப்சரில் இருக்கும் சரசா மாமியின் படிவம் வந்தது. பத்தாம் கேள்வி, வலி: இரண்டு. நாலாம் கேள்வி, குழந்தைகள்: இல்லை. இரண்டையும் எழுதியது வனஜாவேதான். பிள்ளை பெறாதவளிடம் போய்ப் பிரசவ வலியோடு ஒப்பிடச் சொல்லியிருக்கிறாள்!

ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மாமி முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்தாள். விரல்கள் பக்கவாட்டில் கோணிப்போயிருந்தன. முன்பு அவை இப்படி இல்லை.

"அடடே, வனஜாவா! கொழந்தை பொறந்திருக்கா? வா வா."

வனஜா குழந்தையை நீட்டினாள். மாமி இரண்டடி பின்னால் போனாள்.

"ஐயோ, எங்கிட்ட குடுக்காதேடி. நழுவ விட்டுடுவேன். மடியில வை, பாத்துண்டிருக்கேன்."

மாமி தரையில் உட்கார்ந்ததும் வனஜா குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "மாமி, அன்னிக்கு நான் தப்பாக் கேட்டுட்டேன். உங்ககிட்ட போய்ப் பிரசவ வலின்னு சொன்னேனே, எம்புத்தியைச் செருப்பால அடிக்கணும். நீங்க ஏன் மாமி ரெண்டுன்னு சொன்னேள்?"

மாமி குழந்தையின் காலைப் புறங்கையால் தடவினாள்.

"அன்னிக்கும் ராத்திரியெல்லாம் தூங்காமதான் உக்காந்திருந்தேன். ஆனா நீ அப்படிக் கேட்டியா... பெத்தவாளோட வலிக்கு முன்னாடி என் விரல் வலியைப் பெரிசா சொல்லிக்க எனக்கு ஏதுடி பாத்யதை? ஒண்ணுன்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். மனசு கேக்காம ரெண்டுன்னேன்."

வனஜா பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். இந்த முறை அச்சடித்ததை மட்டும் வாசித்தாள்.

மாமி கோணிய விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒம்பதுன்னு போட்டுக்கோ" என்றாள் மெதுவாக. "பேராசைன்னு நெனைச்சுக்காதே."

வனஜா ஒன்பது என்று எழுதினாள்.

"இதைப் பாத்தா மருந்து குடுப்பாளோ?" என்று மாமி கேட்டாள்.

மருந்துத் திட்டம் போன வருஷமே முடிந்துவிட்டது என்று சொல்ல வனஜாவுக்கு வாய் வரவில்லை.